குண்டு பட்டுச்சா, படலையா?

அருப்புக்கோட்டையில் மொபைல் சர்வீஸ் கடை வைத்து 14 வருடம் ஆகிறது. டிஸ்ப்ளே உடைந்தது, சார்ஜ் ஏறவில்லை, வாளித் தண்ணீருக்குள் விழுந்தது என்று வருகிற புகார்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் ஏழெட்டு வருடமாகப் புதிதாக ஒரு புகார் வருகிறது. அதற்கு என் மேஜையில் ஸ்பேர் கிடையாது.

"அண்ணே, சுடுறேன்... படவே மாட்டேங்குது!"

சொல்கிறவர்கள் பிளஸ் டூ பையன்கள், பாலிடெக்னிக் பையன்கள், தறிக்கும் மில்லுக்கும் போகிற இளவட்டங்கள். ஆன்லைனில் பல பேர் சேர்ந்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு. எதிரியின் நெற்றிக்கு நேராகக் குறி வைக்கிறார்களாம். குண்டு போகிறது. ரத்தம்கூடத் தெறிக்கிறது. எதிரி மட்டும் ஜம்மென்று ஓடிப்போகிறான். சிலருக்கு நேர் எதிரான புகார்: "நான் செவத்துக்குப் பின்னாடி வந்துட்டேண்ணே. வந்தப்புறமும் செத்துட்டேன்."

பாதிப் பேர் வைத்தியத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். "டச் போயிருச்சு போல. காம்போ மாத்திருங்க." இன்னும் சிலர் போனே சரியில்லை என்று சொல்லி, அப்பா அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு வருவார்கள். அங்கேதான் எனக்கு வயிற்றைப் பிசையும்.

இந்த விளையாட்டுகள் நம் ஊருக்குள் வந்த கதை உங்களுக்கே தெரியும். 2016-க்குப் பிறகு டேட்டா மலிவானது. 2018-ல் பப்ஜி மொபைல் வந்தது. 2020 செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயருக்குத் தடை. ஒன்று போனால் பையன்கள் அடுத்ததற்கு மாறிக்கொண்டார்கள். கீழே நான் சொல்லப்போகும் சம்பவம் எந்த விளையாட்டில் நடந்தது என்று சொல்லப்போவதில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடுகிற சுடும் விளையாட்டு எல்லாவற்றுக்கும் இது பொதுவான சமாச்சாரம்.

போன ஆடி மாதம், திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்தார். மில் வேனில் வேலைக்குப் போகிறவர். ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"அண்ணே, இவன் போன்ல ஏதோ கோளாறாம். 25 ஆயிரத்துக்குப் புதுசு கேக்குறான். குழுவுல லோன் போடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். விசாரித்தால் விஷயம் போனோடு நிற்கவில்லை. இவனுடைய பெரியப்பா மகன் அருப்புக்கோட்டை டவுனுக்குள் இருக்கிறான். ஒரு வயது மூத்தவன். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு திரிந்தவர்கள். பங்குனியில் ஆளுக்கு நாலு பேராக அணி பிரித்து ஆடியிருக்கிறார்கள். தோற்கிற அணி எண்ணெய்ப் பரோட்டா வாங்கித் தர வேண்டும். கடைசி ஆட்டத்தில் இவன் சுவருக்குப் பின்னால் ஒதுங்கியதற்குப் பிறகு பெரியவன் சுட்டு இவன் செத்துவிட்டான். "ஹேக் போட்டு ஆடுறான்" என்று இவன் எல்லார் முன்னாலும் சொல்ல, "என்னைத் திருடன்னு சொல்றியா?" என்று அவன் எகிற, ஊர்ப் பொங்கலன்று கோயில் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். விலக்கிவிடப் போன அப்பாக்கள் இரண்டு பேரும் பழைய நிலத் தகராறை இழுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

25 ஆயிரம் போனுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருந்தது.

முதலில் போனைப் பார்த்தேன். டச் முழுக்கக் கோடு இழுத்துப் பார்த்தேன், எங்கேயும் அறுபடவில்லை. பத்து விரல் வைத்தாலும் பத்தையும் காட்டியது. அப்புறம் அவன் சிம்மைக் கழற்றி, கடையில் இருந்த 40 ஆயிரம் ரூபாய் போனில் போட்டு, அவன் ஐடியிலேயே நுழைந்து, சிக்னல் மந்தமாக இருக்கும் என் ஸ்டோர் ரூமில் உட்கார வைத்து ஆடச் சொன்னேன். பத்து நிமிடத்தில் வெளியே வந்தான். "இதுலயும் படலண்ணே."

போன் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய போன், சித்திரை வெயில், சார்ஜில் போட்டபடியே ஆட்டம் என்றால் போன் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் விட்டுவிட்டு நகரும், குறியும் தப்பும். ஆனால் இவன் விஷயத்தில் அது இல்லை.

அந்த அம்மா கேட்டார்: "அப்ப எங்கதான்ணே கோளாறு?"

கண்மாயின் எதிர்க்கரையில் ஒருவர் சீமைக்கருவேல் வெட்டுவதைத் தூரத்திலிருந்து பார்த்திருப்பீர்கள். அரிவாள் மரத்தில் இறங்குவது முதலில் தெரியும். அடுத்த வெட்டுக்கு அவர் கையை ஓங்கும்போதுதான் முதல் வெட்டின் சத்தம் நம் காதுக்கு வரும். சத்தம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கரிசல்காடு மாதிரி மறைப்பில்லாத வெட்டவெளியில் இது நன்றாகவே தெரியும். போன் திரையில் ஓடுகிற எதிரியும் அந்தச் சத்தம் மாதிரிதான். திரையில் தெரிவது அவன் சற்று முன்பு இருந்த இடம். அவன் போன் சர்வருக்குச் சொல்லி, சர்வர் நம் போனுக்குச் சொல்வதற்குள் அவன் நகர்ந்திருப்பான்.

எவ்வளவு நகர்ந்திருப்பான்? ஓடுகிறவன் நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதி வந்து சேர 200 மில்லிசெகண்ட், அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆனால், 1.2 மீட்டர் போயிருப்பான். ஓர் ஆளின் தோள் அகலம் அரை மீட்டர்கூட இல்லை. ஆக, நாம் நெற்றிக்கு நேராகச் சுட்ட இடத்தில் ஆளே இல்லை.

பிறகு எப்படித்தான் யாருக்காவது குண்டு படுகிறது? இங்கேதான் அம்பயர் வருகிறார்.

நம் ஊர் டென்னிஸ் பால் கிரிக்கெட்டில் பெரும்பாலும் பேட்டிங் பிடிக்கிற அணிக்காரனே அம்பயராக நிற்பான். ரன் அவுட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். சுடும் விளையாட்டிலும் அப்படிச் செய்யலாம். சுட்டவன் போன் 'பட்டது' என்றால் பட்டது. இதில் சுடுகிறவனுக்குச் சந்தோஷம், ஏனென்றால் பார்த்தபடி சுட்டால் விழும். ஆனால் போனில் இருக்கும் விளையாட்டைத் திருத்தி, எங்கே சுட்டாலும் 'பட்டது' என்று பொய் சொல்ல வைக்கிறவர்களுக்கும் அதே சந்தோஷம். பையன்கள் ஹேக் என்று சொல்வதில் ஒரு வகை இதுதான்.

அதனால் பல விளையாட்டுகள் தீர்ப்பை நடுவில் இருக்கும் சர்வர் கையில் கொடுக்கின்றன. சர்வருக்கு எல்லாரும் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் அது சுட்ட சேதி வந்த நேரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொன்னால், தூரத்தில் இருந்து ஆடுகிறவன் சுட்டது எதுவுமே படாது. எதிரி எப்போதும் நகர்ந்திருப்பான். பழைய கம்ப்யூட்டர் விளையாட்டுகளில், ஆள் ஓடும்போது ஓரடி முன்னால் தள்ளிச் சுட வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். ஓடுகிற முயலுக்குக் கம்பு எறிகிறவன் முயலுக்கு முன்னால் எறிகிற மாதிரி.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்து விளக்கி எழுதியவர்களில் ஒருவர் யான் பெர்னியர். ஹாஃப்-லைஃப், கவுன்டர்-ஸ்ட்ரைக் விளையாட்டுகளின் சொந்தக்காரர்களான வால்வ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 2001-ல் அவர் எழுதிய கட்டுரை இன்றைக்கும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் படிப்பது. யோசனை நமக்குப் பழக்கமானதுதான், தேர்டு அம்பயர் ரீப்ளே. நீ சுட்ட சேதி வந்ததும் சர்வர் படத்தைப் பின்னால் ஓட்டுகிறது. உன் சேதி வர இத்தனை மில்லிசெகண்ட் ஆகியிருக்கும், ஆகவே நீ சுட்டபோது உன் திரையில் எதிரி இந்த இடத்தில் இருந்திருப்பான் என்று கணக்குப் போட்டு, எல்லாரையும் அந்த இடத்தில் நிறுத்திப் பார்க்கிறது. அப்போது குண்டு பட்டிருந்தால் பட்டது என்று தீர்ப்பு.

சுட்டவனுக்கு நியாயம் கிடைத்துவிட்டது. சுடப்பட்டவன் கதி? அவன் தன் திரையில் எப்போதோ சுவருக்குப் பின்னால் போய்விட்டான். மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறான். பழைய நேரத்துக்கான தீர்ப்பு இப்போது வந்து அவனைச் சாய்க்கிறது. இது பெர்னியரின் கட்டுரையிலேயே ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லப்பட்டிருக்கிறது. யாராவது ஒருவருக்கு அநியாயமாகத் தெரிந்தே தீரும். எதிரியைப் பார்த்துக் குறி வைத்தவனுக்குப் படாமல் போவது அடிக்கடி நடக்கும், எரிச்சலும் அதிகம். ஒதுங்கியவன் சாவது அவ்வளவு அடிக்கடி நடக்காது. அதனால் சுட்டவன் பக்கம் சாயலாம் என்று முடிவெடுத்தார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது. செத்தவனிடம் போய் இதைச் சொல்ல முடியாது என்பது வேறு.

ரீப்ளேக்கும் பல விளையாட்டுகளில் ஓர் எல்லை உண்டு. உன் சேதி ரொம்பத் தாமதம் என்றால், அவ்வளவு தூரம் பின்னால் ஓட்டமாட்டேன் என்று சர்வர் கையை விரித்துவிடும். சேதி வழியிலேயே தொலைந்துபோவதும் உண்டு. ஆனால் சில விளையாட்டுகளில் உன் போன் உன்னைக் காக்க வைக்காமல், சர்வர் பதில் வருவதற்கு முன்பே ரத்தத்தைத் தெளித்துக் காட்டியிருக்கும். 'ரத்தம் வருது, டேமேஜ் ஏறல' என்பதன் ரகசியம் இதுதான்.

இதெல்லாம் வாயால் சொன்னால் பதினேழு வயதுப் பையன் நம்புவானா? பெரியவனையும் கூப்பிட வேண்டும் என்று நினைத்தேன். அவன் போனுக்கு நான் பேட்டரி மாற்றித் தர வேண்டியிருந்தது. அதைச் சாக்காக வைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். சின்னவனையும் வரச் சொன்னேன். ஒருவனையொருவன் பார்த்ததும் இரண்டு பேரும் என்னைத்தான் முறைத்தார்கள்.

ஸ்டோர் ரூம் வாசலில் ஸ்டூல் போட்டு இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பெரியவன் போன் கடை வைஃபையில். அது ஃபைபர் லைன். சின்னவன் போன் அவன் சிம்மில், ஒரு புள்ளி சிக்னலில், அவன் ஊரில் இருக்கிற மாதிரி. இரண்டு பேர் மட்டும் நுழைகிற தனி ரூம் போட்டார்கள். சின்னவன் சுவரை நோக்கி ஓட வேண்டும், பெரியவன் சுட வேண்டும். மூன்றாவதாக என் போனை மேலே ஸ்டாண்டில் மாட்டி, இரண்டு திரையும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி ஸ்லோமோஷனில் பிடித்தேன். நொடிக்கு 240 படம் எடுக்கும் போன் அது.

நாலைந்து தடவை ஓடி, நாலைந்து தடவை செத்தான். அப்புறம் வீடியோவை ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம்.

இடது பக்கம் சின்னவன் திரை. ஆள் சுவருக்குப் பின்னால் முழுதாகப் போய்விட்டான். அதே படத்தில் வலது பக்கம் பெரியவன் திரை. அதே ஆள் இன்னும் வெளியே, வெட்டவெளியில், முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறான். ஒரே நொடி, ஒரே மேஜை. விரலால் தள்ளிக்கொண்டே வந்தேன். பெரியவன் திரையிலும் ஆள் சுவருக்குப் பின்னால் மறைய 43 படம் ஆனது. 43-ஐ 240-ஆல் வகுத்தால் 0.18 நொடி. அந்த இடைவெளிக்குள்தான் பெரியவன் சுட்ட குண்டு விழுந்திருந்தது.

"பாத்தியா, நான் உள்ள போய்ட்டேன்" என்றான் சின்னவன்.

"எனக்கு நீ வெளியதாண்டா நிக்குற" என்றான் பெரியவன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியவன் மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னான். மூன்றாவது தடவை பார்க்கும்போது சின்னவன் மெதுவாக, "அப்ப அன்னிக்கு நீ ஹேக் போடல" என்றான். "அதைத்தானடா கத்திக் கத்திச் சொன்னேன்" என்றான் பெரியவன்.

பங்குனியிலிருந்து ஆடி வரை இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

சரி, இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? தூரம் ஒரு காரணம். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். இங்கிருந்து மும்பை நேர்கோட்டில் 1,200 கிலோமீட்டர் சொச்சம், போய்வர 12 மில்லிசெகண்ட் போதும். சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் சுமார் 3,000 கிலோமீட்டர், போய்வர 30. கேபிள் நேர்கோட்டில் போகாது, வழியில் பல இடத்தில் கைமாறும், அதனால் நிஜத்தில் இன்னும் கூடும். ஆனாலும் டவுனுக்குள் ஃபைபரில் ஆடுகிற பெரியவனுக்கு 50, 60-க்குள் நிற்கிறது. சின்னவன் ஊரில் சாயங்காலம் 140-இல் ஆரம்பித்து 300 வரை குதிக்கிறது. சர்வர் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். வித்தியாசம் முழுக்க டவருக்கும் வீட்டுக்கும் நடுவில்.

திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். கருவேலங்காடும் மானாவாரி நிலமுமாக நீண்டுகொண்டே போகும். ஊருக்கும் ஊருக்கும் இடைவெளி அதிகம், டவருக்கும் டவருக்கும் அப்படியே. ஒரு டவரை நாலு கிராமம் பகிர்ந்துகொள்ளும். ராத்திரி ஏழு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் வீடியோ ஓடும்.

"ஸ்பீடு டெஸ்ட்ல நல்லாத்தானண்ணே காட்டுது" என்று பையன்கள் கேட்பார்கள். இந்த வறண்ட பூமியில் அதைத் தண்ணீரை வைத்துச் சொன்னால் உடனே புரியும். தாமிரபரணித் தண்ணீர் திறந்துவிட்டால் அரை மணியில் பத்துக் குடம் நிறையலாம். அது ஸ்பீடு. ஆனால் உன் குடம் எப்போது குழாயடிக்குப் போகும்? வரிசையில் முன்னால் 30 குடம் இருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பிங். படம் பார்க்கிறவருக்குப் பத்துக் குடம் முக்கியம். சுடுகிறவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர்தான் வேண்டும், ஆனால் இப்போதே வேண்டும்.

வீட்டுக்குள்ளேயும் அந்த வரிசை உண்டு. சின்னவன் வீட்டில் அவன் அம்மா போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் அவன் ஆடுவது வழக்கம். அதே போனில்தான் அவர் சீரியல் பார்க்கிறார். இதைச் சொன்னதும் அந்த அம்மா அதிர்ந்துபோய்க் கேட்டார்: "ஏண்ணே, நான் சீரியல் பாக்குறதுனாலயா இவன் சாகுறான்?"

"பாதி நாளு அப்படித்தாம்மா."

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

புதுப் போன் கேட்டு வருகிற வீடுகளுக்கு இப்போது நான் செய்வது இதுதான். விளையாட்டுத் திரையின் ஓரத்தில் பிங் எண் தெரியும், அதை ஒரு வாரம் நேரத்தோடு எழுதிக்கொண்டு வரச் சொல்கிறேன். சாயங்காலம் ஏறி விடிகாலையில் இறங்குகிறதென்றால் அது டவர் சங்கதி. 25 ஆயிரம் இல்லை, லட்ச ரூபாய்க்குப் போன் வாங்கினாலும் தீராது. எண் நன்றாக இருந்து, படம் மட்டும் விட்டுவிட்டு நகர்ந்தால் போனைக் கொடுங்கள், பார்க்கிறேன். எழுதிக்கொண்டு வரச் சொன்னதில் இன்னொரு லாபம், ராத்திரி எத்தனை மணி வரை ஆடுகிறான் என்பதும் அந்தத் தாளிலேயே வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. இதனால் ஒன்றிரண்டு பையன்கள் என் கடைப் பக்கமே வருவதில்லை.

அந்த அம்மா லோன் போடவில்லை. பையன்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், ஒரே அணியில் ஆடுகிறார்கள். அப்பாக்கள் இன்னும் பேசவில்லை. பெரியவனின் அம்மா மட்டும் ஒருநாள் கடைக்கு வந்து அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிப் போனார். வீட்டுக்காரரிடம் காட்டினாரா, தெரியாது.

சின்னவன் இப்போதெல்லாம் சாயங்காலம் கண்மாய்க் கரை மேட்டில் போய் உட்கார்ந்து ஆடுகிறான். அங்கே டவர் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, பிங் 70-க்குள் நிற்கிறதாம். போன வாரம் கடைக்கு வந்து மறுபடியும், "படலண்ணே" என்றான். அவன் ரெக்கார்டு செய்து வைத்திருந்ததை வாங்கிப் பார்த்தேன். பிங் 64. எதிரி அசையாமல் நிற்கிறான். குண்டு நாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைக்கு மேலே போய்ப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியில் பட்டன.

"தம்பி, இது நெட்டு இல்ல. இது நீ."